ஆற்றுவாயும் பால் தேத்தண்ணியும்

கார்த்திகை மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம் மருமகன் வந்தார். தங்கச்சியின் மகன். மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். எங்கள் காலத்தில் மண்முனைத் துறையில் பாதை எனப்படும் மிதவைப் படகுக்குக் காத்துக் கிடந்துதான் வாவியைக் கடக்க வேண்டும். 2014 இல் பாலம் திறந்த பிறகு அவர் சில நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் கடந்துவிடுகிறார். வரும்போது கையில் ஒரு தயிர்ச் சட்டி. வாயைக் கடதாசியால் மூடிக் கட்டியிருந்தது.

"பால் தேத்தண்ணியா, வெறுந்தேத்தண்ணியா மருமகன்?" என்று குசினியில் இருந்து என் மனைவி கேட்டார்.

"வெறுந்தேத்தண்ணி போதும் மாமி. வயிறு சரியில்ல."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே முழுக் கதையையும் சொன்னார். ஒரு கிழமை வயிறு போகிறது. மற்றக் கிழமை மூன்று நாளானாலும் போவதில்லை. பாடம் நடக்கும்போது வயிறு உருளுகிற சத்தம் முன்வாங்குப் பிள்ளைகளுக்குக் கேட்குமோ என்று கூச்சம். மூக்கோ ஐப்பசி பிறந்தால் அடைக்கிறது, தை முடியும் வரை திறப்பதில்லை. காலையில் குனிந்தால் கன்னமும் நெற்றியும் கல்லாய்க் கனக்கின்றன.

"பால் சளியைக் கூட்டும், சளி இறங்கி வயித்தக் கெடுக்கும் எண்டு அம்மம்மா சொல்லுவா. அதுதான் எல்லாத்துக்கும் காரணமோ மாமா?"

நான் வைத்தியர் அல்ல. அரச மருந்தகமொன்றில் முப்பது வருடம் குளிசை எண்ணிக் கொடுத்தவன். வயிறு, மூக்கு, பால் என்று மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றவர்கள் பலரை அந்தச் சின்ன யன்னலுக்குள்ளால் பார்த்திருக்கிறேன். மூன்றும் ஒரே நோய் என்று நம்பினவர்கள்தான் அதிக காலம் அலைந்தார்கள். அதனால் தேத்தண்ணி வருமுன் ஒன்று கேட்டேன்.

"2022 இல பால்மா இல்லாமப் போச்சே, அப்ப வயிறு எப்பிடி இருந்திச்சு?"

யோசித்தார். "அந்த வருசம் வயிறு நல்லாத்தான் இருந்திச்சு மாமா."

"மூக்கு?"

"மூக்கு வழமைபோலத்தான்."

அந்த வருடம் மறக்கக்கூடியதல்ல. டொலர் இல்லாமல் இறக்குமதி முடங்கியது. 400 கிராம் பால்மாப் பக்கற்றுக்காகக் கடைகடையாக ஏறி இறங்கினோம். பல தேத்தண்ணிக் கடைகள் பால் தேத்தண்ணி போடுவதையே நிறுத்திவிட்டன. யாரும் திட்டமிடாமல் நாடு முழுக்க நடந்த பரிசோதனை அது. அந்த வருடத்தில் பெற்றோலும் இல்லை, பள்ளிக்கூடமும் ஒழுங்காக நடக்கவில்லை, சாப்பாடும் மாறியிருந்தது. ஆகவே பால்தான் காரணம் என்று அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் நல்ல துப்பு. பாலுக்கும் அவர் வயிற்றுக்கும் ஏதோ கொடுக்கல் வாங்கல் இருக்கிறது, மூக்கு வேறு வழியில் போகிறது.

வயிற்றை முதலில் எடுத்துக்கொண்டேன். பாலில் உள்ள சீனிக்கு லக்டோஸ் என்று பெயர். பசுப்பாலோ எருமைப்பாலோ, 100 கிராமில் கிட்டத்தட்ட 5 கிராம் இருக்கும். அதை உடைக்க லக்டேஸ் என்ற நொதியைச் சிறுகுடல் சுரக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் வயதில் அது தாராளமாகச் சுரக்கும், வளர வளரக் குறையும். உலகில் வளர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு இப்படித்தான். குறையாமல் இருப்பவர்களிடம் ஒரு மரபணு மாற்றம் இருப்பதை 2002 இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதே மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்திலும் உண்டு. வடமேற்கில் கூடுதலாகவும், தெற்கே வரவரக் குறைவாகவும் காணப்படுகிறது. ஆகவே மருமகனின் குடலில் கோளாறு என்று எதுவும் இல்லை. மனிதரில் பெரும்பான்மைக்கு உள்ள குடல்தான் அவருக்கும். உடையாத சீனி பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே தண்ணீரை இழுக்கும். அங்குள்ள பற்றீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். அந்த உருளும் சத்தமும் ஊதலும் அவசரமாகப் போவதும் இதனால்தான்.

இதைப் பால் ஒவ்வாமையோடு குழப்பக்கூடாது என்றும் சொன்னேன். ஒவ்வாமை என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி பாலின் புரதத்தோடு சண்டைக்குப் போவது. குடித்துச் சில நிமிடத்திலேயே தோல் தடிக்கலாம், உதடு வீங்கலாம், மூச்சு இழுக்கலாம். பெரும்பாலும் கைக்குழந்தைகளில் வருவது. அப்படி ஒருவருக்கு வந்தால் வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்க்கிற வேலையே வேண்டாம், ஆஸ்பத்திரிதான்.

"நான் அவ்வளவு பால் குடிக்கிறதில்லயே மாமா" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். முழு ஆடைப் பால்மாவில் 100 கிராமுக்கு 38 கிராம் அளவு லக்டோஸ். கடைத் தேத்தண்ணி ஒன்றுக்கு 15 கிராம் மா என்று வைத்தால், கோப்பைக்கு 6 கிராம். வீட்டில் காலையில் ஒன்று, பாலத்தடியில் ஒன்று, இடைவேளைக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று. 24 கிராம் ஆகிவிட்டது. இரவில் உடம்புக்கு நல்லதென்று ஒரு பெரிய கப் பசும்பால், அதில் 12. மொத்தம் 36. லக்டேஸ் குறைந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு நேரத்தில் 12 கிராம் வரை சாப்பாட்டோடு சேர்த்தால் தாங்குவார்கள். இவர் அந்த அளவைப் போலே மூன்று மடங்கை ஒரு நாளைக்குள் ஏற்றிவிடுகிறார், அதிலும் முதல் கோப்பை வெறும் வயிற்றில்.

தேத்தண்ணி வந்தது. இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேத்தண்ணி. பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. கடித்துக் கடித்துக் குடிக்கத் தொடங்கினார். அப்போதுதான் தயிர்ச் சட்டியைத் தன் பக்கமிருந்து என் பக்கம் தள்ளிவைத்தார். "இதையும் விட்டுட்டன். உங்களுக்குத்தான் கொண்டுவந்த."

எனக்கு மனம் பொறுக்கவில்லை. மட்டக்களப்பில் பிறந்தவர் எருமைத் தயிரை விடுவதா? கடதாசியை அவிழ்த்துக் காட்டினேன். மேலே மஞ்சள் ஓடிய ஆடை, விரலால் அழுத்தினால் குழியாமல் நின்றது. சட்டியைச் சரித்தால் தயிர் அசையவில்லை. மண் சட்டி மெல்ல மெல்லத் தண்ணீரை உறிஞ்சுவதாலும், எருமைப்பாலில் கொழுப்பு 7, 8 சதவீதம் இருப்பதாலும் வருகிற இறுக்கம் அது. உறை ஊற்றிய நேரத்தில் இருந்து அதற்குள் இருக்கும் பற்றீரியாக்கள் லக்டோஸைத்தான் தின்று புளிப்பாக்குகின்றன. நன்றாக உறைந்த தயிரில் லக்டோஸ் கால் பங்கு அளவு குறைந்திருக்கும், புளிக்கப் புளிக்க இன்னும் குறையும். அதைவிட முக்கியமானது, அந்தப் பற்றீரியாக்களிடம் லக்டோஸை உடைக்கும் நொதி உண்டு. அது தயிரோடு சேர்ந்து நம் குடலுக்குள் போய் அங்கேயும் வேலை செய்கிறது. தயிர் கெட்டியாக இருப்பதால் மெதுவாக இறங்குகிறது, குடலுக்கு நேரம் கிடைக்கிறது. பட்டி வளர்த்து, பாலைக் கறந்த கையோடு உறைய வைத்த நம் ஆட்கள், பாலைத் தாங்காத வயிற்றுக்கு ஏற்ற உணவைத்தான் செய்துவைத்தார்கள். பால்மாவில் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை.

"தயிர் சளி எண்டு சொல்லுவாங்களே?"

அந்தக் கேள்விக்கு மூக்குக்குப் போகவேண்டும். முகத்துவாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வாவி 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்குப் போகிற வாய்கள் ஒடுக்கம். கச்சான் காற்று வீசும் காலத்தில் மணல் மேடிட்டு வாய் அடைபட்டுவிடும். மாரியில் வெள்ளம் ஏறிக் கரையோர வீடுகளுக்குள் வந்தால் ஆற்றுவாயை வெட்டிவிடுவார்கள். கன்னத்துக்குள்ளும் நெற்றிக்குள்ளும் கண்களுக்கு நடுவிலும் அதன் பின்னாலும் இருக்கும் சைனஸ் அறைகளும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் சில மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு வாய். கன்ன அறைக்கு வாய் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. உள்ளே ஊறும் நீரைக் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் மேல்நோக்கித் தள்ளித்தான் வெளியேற்றவேண்டும். வாயைச் சுற்றிய சவ்வு வீங்கினால் மணல் மேடு விழுந்தது போலத்தான். நீர் தேங்கும், கனக்கும், சில வேளை சீழாகும்.

அந்தச் சவ்வை வீங்க வைப்பது எது? மாரியில் ஈரம் ஊறிய சுவரில் பூஞ்சணம், காயாத தலையணையில் தூசிப் பூச்சி, கதவை மூடிக்கொண்டு கொளுத்தும் நுளம்புச் சுருள், சாம்பிராணி, விறகடுப்பு, இவை எல்லாவற்றோடும் தடிமன் வைரஸ். மாசியில் பெரும்போக வெட்டு தொடங்கினால் வைக்கோல் தூசியும் சேரும். பால் இந்த வரிசையில் எங்கே? அவுஸ்திரேலியாவில் அறுபது பேரின் மூக்கில் தடிமன் வைரஸை விட்டு, அவர்கள் குடித்த பாலையும் சிந்திய சளியின் எடையையும் அளந்து பார்த்தார்கள். 1990 இல் வெளிவந்த அந்த ஆய்வை எழுதியவர்களில் ஒருவர் பெயர் மயில்வாகனம். பால் கூடியதால் சளி கூடவில்லை. ஆனால் பால் சளி என்று நம்பியவர்கள் தங்களுக்கு அடைப்பு அதிகம் என்று சொன்னார்கள். பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் சிறிது நேரம் தடிப்பாக நிற்பதைத்தான் பலர் சளி என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2019 இல் இங்கிலாந்தில் இருந்து வந்த ஓர் ஆய்வில் பாலை விட்டவர்கள் தொண்டைச் சளி குறைந்ததாகச் சொல்லியும் இருக்கிறார்கள். எனவே அம்மம்மாவின் பேச்சைத் தள்ளிவிடத் தேவையில்லை. தன் உடம்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

சளி இறங்கி வயிற்றைக் கெடுக்கிறதா? மூக்கும் தொண்டையும் நாளுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் சளி ஊறவைக்கின்றன. நாம் எல்லோரும் தெரியாமலே விழுங்குகிறோம், இரைப்பை அதைச் செமித்துவிடுகிறது. அதிகம் இறங்கினால் காலையில் குமட்டலாம். வயிற்றோட்டம் அதனால் வருவதில்லை.

பிறகு நான் கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டேன். "மூக்குக்கு என்ன போடுறீங்க?"

காற்சட்டைப் பையில் இருந்து எடுத்து மேசையில் வைத்தார். ஒரு சிறு கடதாசி உறைக்குள் பிரிட்டன் என்ற ஒவ்வாமைக் குளிசை. அதோடு ஏதோ ஒரு பாமசியில் வைத்தியரின் துண்டு இல்லாமலே வாங்கிய அன்ரிபயோட்டிக், பாதி முடிந்த அட்டை. போன மாரியில் மூன்று முறை, இந்த மாரியில் இது இரண்டாவது.

மூக்கையும் வயிற்றையும் இணைக்கும் பாலம் அங்கேதான் கிடந்தது. பிரிட்டன் மூக்கை உலர்த்தும், வாயையும் உலர்த்தும், குடலின் அசைவையும் மந்தமாக்கும். இரண்டு மூன்று நாள் போட்டால் மலம் கட்டும், வகுப்பில் தூக்கமும் வரும். அன்ரிபயோட்டிக் பெருங்குடலில் இருக்கும் நல்ல பற்றீரியாக்களையும் சேர்த்துக் கொல்லும், வயிறு போகும். வயிற்றோட்டத்தில் சிறுகுடலின் உட்தோல் அடிபட்டால், மிச்சமிருக்கும் லக்டேஸும் சில கிழமைக்குக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் வழமையான நாலு பால் தேத்தண்ணியும் போனால் என்ன நடக்கும்? ஒரு கிழமை போவதும் மறு கிழமை கட்டுவதும் இப்படி வந்தவையாகத்தான் எனக்குத் தெரிகிறது. சைனஸ் வீக்கம் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஏழு, பத்து நாளில் தானே அடங்கும். வைரஸுக்கு அன்ரிபயோட்டிக் ஒன்றும் செய்யாது. இதை யன்னலுக்கு அப்பால் நின்றவர்களுக்கு நான் போதுமான அளவு சொல்லவில்லை. வரிசை நீண்டிருக்கும், அவர்களுக்கும் பஸ் போய்விடும். இன்றைக்கும் அது மனதில் கிடந்து உறுத்துகிறது.

மூக்குக்கு உப்புத் தண்ணீர் சொல்லிக்கொடுத்தேன். கால் லீற்றர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, தலையைச் சரித்து ஒரு மூக்கால் விட்டு மற்ற மூக்கால் வடியவிட வேண்டும். கொதிக்காத கிணற்றுத் தண்ணீர் எக்காரணம் கொண்டும் கூடாது. மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபாவால் கேரளத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிப்பதில் தடையில்லை, தொண்டைக்கு இதம். அடைப்பைத் திறக்கும் மூக்குத் துளிமருந்தை மட்டும் சில நாளுக்கு மேல் தொடரக்கூடாது. விட்டவுடன் முன்பைவிட மோசமாக அடைக்கும்.

வயிற்றுக்கு ஒரு கொப்பி. இரண்டு கிழமை பாலும் பால்மாவும் டின்பாலும் இல்லை. தயிர் மத்தியானம் சோற்றோடு மட்டும். மூன்றாம் கிழமை பாலைத் திரும்பச் சேர்த்து, நடப்பதை எழுதவேண்டும். திரும்பச் சேர்க்காவிட்டால் எதுவும் தெரியவராது. கல்சியத்துக்கு மாமி பதில் சொன்னார்: முள்ளோடு தின்கிற நெத்தலி, ஓட்டோடு தின்கிற கூனி, குரக்கன் பிட்டு, முருங்கை இலை. வாவிக்கரையில் இருப்பவருக்குப் பால்மாதான் கதி என்றில்லை.

வைத்தியரிடம் காத்திராமல் போகவேண்டிய அடையாளங்களையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதவைத்தேன். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, இரவு நித்திரையைக் கலைக்கும் வயிற்றோட்டம். கண்ணைச் சுற்றி வீக்கம், ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தமோ நாற்றமோ. மாரிக் காய்ச்சல் என்றால் டெங்கு என்ற நினைப்பு முதலில் வரவேண்டும், பனடோலைத் தவிர வேறு வலிக்குளிசை தொடக்கூடாது.

மார்கழி நடுவில் திரும்பி வந்தார். மூக்கு இன்னும் அடைப்புத்தான், ஆனால் கனம் குறைவு, தலையணையை வெயில் கண்ட அன்றெல்லாம் காயப்போடுகிறாராம். கொப்பியை நீட்டினார். ஆசிரியர் கையெழுத்து, சிவப்புக் கோடு போட்ட தேதிகள். இரண்டாம் கிழமையில் ஒரு வரி: "தயிரும் சோறும் வாழைப்பழமும். ஒண்டுமில்ல." மூன்றாம் கிழமை செவ்வாய்: "வெறும் வயித்தில பால் தேத்தண்ணி ரெண்டு. மூணாம் பாடத்தில வெளியே போன."

மனைவி குசினியில் இருந்து கேட்கவில்லை, இஞ்சியைத் தட்டத் தொடங்கியிருந்தார்.