பாடம் வந்தது, டிராக்டர் வரவில்லை

பொகவந்தலாவைத் தோட்டத்துப் பிள்ளை இன்று முதலாம் வகுப்பிலேயே ‘சுற்றாடல்சார் செயற்பாடுகள்’ படிக்கத் தொடங்கிவிடுகிறது. மேல் வகுப்புகளில் நிலைபேறான அபிவிருத்தி வருகிறது, காலநிலை மாற்றம் வருகிறது. உக்கும் குப்பை பச்சைக் கூடைக்கு, காகிதம் நீலத்துக்கு, பிளாஸ்டிக் செம்மஞ்சளுக்கு என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லும்.

அதன் தாத்தா படித்த காலத்தில் இப்படியொரு பாடம் இல்லை. பாடசாலையே பெரும்பாலும் ஒரு அறைதான், ஒரு வாத்தியார்தான். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க வேண்டும் என்று 1907லும் 1920லும் சட்டங்கள் சொன்னாலும், எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும், கொழுந்துக்கு ஆள் குறையக் கூடாது என்பதே துரைமாரின் கணக்கு. 1970களின் பிற்பகுதியில்தான் அரசு இப்பாடசாலைகளைப் பரவலாகப் பொறுப்பேற்றது. லண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவகத்தின் பேராசிரியர் அஞ்செலா லிட்டில் இந்த வரலாற்றை 1999இல் ஒரு முழு நூலாகவே எழுதினார்.

பாடம் இல்லாத அந்தக் காலத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் குப்பையும் அதிகம் இல்லை. சாமான் காகிதத்தில் சுற்றி வந்தது, காகிதம் அடுப்புக்குப் போனது. சாணி கோடியிலிருந்த மரக்கறிப் பாத்திக்கு. கவ்வாத்து மிலாறு விறகுக்கு. தண்ணீர் பீலியில். இதைச் சொல்லி “அந்தக் காலத்து மக்கள் இயற்கையோடு வாழ்ந்தார்கள்” என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது இல்லாமையால் வந்த சிக்கனம். பத்தடிக் காம்பராவில் ஒரு குடும்பமே அடைந்து கிடந்ததற்குப் பசுமை வாழ்வு என்று பெயர் வைக்க முடியாது.

தாராளமாக அழித்தவர்கள் வேறு ஆட்கள். காட்டை வெட்டி மலை மலையாகக் கோப்பியை நட்டார்கள். 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் கண்டது. 1880களின் தொடக்கத்தில் அதை ஆராய வந்த மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளர், இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரைப் பரப்பியதால்தான் காற்றில் நோய் இப்படி ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்தார். தோட்டக்காரர்கள் கோப்பியைப் பிடுங்கிவிட்டு அதே மலைகளில் இன்னொரு ஒற்றைப் பயிரைப் பரப்பினார்கள். அதுதான் தேயிலை. புல் ஒன்றுகூடத் தெரியக் கூடாதென்று சுரண்டியால் மண்ணை வழித்தெடுக்கச் சொன்னதும் அவர்களே. வழித்த மண் மழையோடு கெசல்கமு ஓயாவில் இறங்கியது. பின்னாளில் அந்த ஓயாவை மறித்துத்தான் காசல்ரீ நீர்த்தேக்கம் கட்டப்பட்டது.

ஆய்வாளர்களின் கேள்வி அன்று மண்ணையும் நோயையும் பற்றியது. இன்று அது பிள்ளையின் மனதுக்குள்ளும் போகிறது. சுற்றாடலைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் ஏன் அதன்படி நடப்பதில்லை? சுற்றாடல் கல்வியும் உளவியலும் சந்திக்கும் இடத்தில் பல பத்தாண்டுகளாகக் கேட்கப்படும் கேள்வி இது. 2002இல் கொல்மஸ், அஜிமன் இருவரும் எழுதிய கட்டுரை இத்துறையில் மிகவும் மேற்கோள் காட்டப்படுவது. அறிவு கூடினால் நடத்தை தானாக மாறும் என்ற பழைய நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று அது காட்டியது. அதற்கு முன்பே, 1991இல், உளவியலாளர் ஐசெக் ஐசன் வேறொரு கோணத்தில் சொல்லியிருந்தார். ஒருவர் ஒன்றைச் செய்வாரா என்பதற்கு விருப்பம் மட்டும் போதாது, சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பு வேண்டும், அதைச் செய்வது தன் கையில் இருக்கிறது என்ற எண்ணமும் வேண்டும்.

பொகவந்தலாவையில் இடறுவது இந்த மூன்றாவதில்தான். குப்பையையே எடுத்துக்கொள்வோம். பிள்ளை நிறம் பார்த்துப் பிரித்துவிட்டது. பிறகு யார் எடுத்துப் போவது? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களைத் தனியார் நிலமாகவே பார்த்தது. சபை தன் பணத்தில் லயத்துக்குப் பாதை போடவோ குப்பை அள்ளவோ அதில் தடை இருந்தது. வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்பலாம், சபையின் டிராக்டரை மட்டும் லயத்துக்குக் கூப்பிட முடியாது. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல். அம்பகமுவ சபையிலிருந்து நோர்வூட் பிரதேச சபை பிரிந்து வந்ததும் அதே ஆண்டில்தான். சட்டம் மாறினாலும் வாகனமும் ஆளும் பணமும் சேர்ந்து மாறிவிடவில்லை. இதனால் சொப்பிங் பேக் இன்னும் கானில் கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு “இந்தச் சனத்துக்கு அறிவு போதாது” என்று எழுதுகிற ஆய்வேடு எனக்கு எரிச்சலூட்டும்.

மரம் நடுகையும் அப்படியே. ஆய்வாளர் கொடுக்கும் வினாக்கொத்தில் “நான் மரம் நட விரும்புகிறேன்” என்று இருந்தால், பிள்ளை ‘மிகவும் உடன்படுகிறேன்’ கட்டத்தில்தான் புள்ளடி போடும். எந்த நிலத்தில் என்று அடுத்த கேள்வி வேண்டாமா? 1948இல் தோட்ட மக்களின் குடியுரிமை போனது, 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் கப்பலேற வேண்டியதாயிற்று, எஞ்சிய நாடற்றவர்களின் பிரச்சினைக்கு 2003இல்தான் சட்டம் முடிவு கட்டியது. பேர் எப்போது வரும் என்று பெட்டியைக் கட்டி வைத்துக் காத்திருந்தவர்கள், காய்க்கப் பல வருடம் பிடிக்கும் பேரி மரத்தை எந்த நம்பிக்கையில் நட்டிருப்பார்கள்? “யாரு மலைல யாரு மரம் வைக்கிறது” என்ற பேச்சைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது.

2021 மே மாதம் நிலைபேறு என்ற பெயரிலேயே மலைக்கு ஒரு உத்தரவு வந்தது. இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. நாடே சேதன விவசாயத்துக்கு மாறப் போகிறது என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தேயிலைச் செடியிலிருந்து வாரம் தவறாமல் இளந்தளிரைக் கிள்ளுகிறோம். கிள்ளும் தளிரோடு செடி எடுத்த நைதரசனும் போய்விடுகிறது. திரும்ப மண்ணுக்குள் போடாவிட்டால் கொழுந்து குறைந்துவிடும். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே கேட்டிருக்கலாம். முள்ளுக்குத்தி உரம் போடுகிற எந்த ஆளைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். நவம்பரில் தடையை எடுத்தார்கள். பணநெருக்கடியும் கூடச் சேர்ந்துகொள்ள, 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடியாகச் சரிந்தது. கொழுந்து இல்லாத மலையில் நாள் முழுவதும் நின்றாலும் நிறை வராது. நிறை வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். நிலைபேறு என்ற சொல்லைப் பிள்ளை புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டில், அம்மா அதைச் சம்பளச் சீட்டில் படித்தாள்.

சம்பளம் போதாத இடத்தில் வேறு வேலைகள் முளைக்கின்றன. கெசல்கமு ஓயாவில் அனுமதியில்லாமல் மாணிக்கக்கல் தோண்டிப் பிடிபடுகிறவர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. ஆற்றங்கரையைக் குடைவது குற்றம் என்பது தோண்டுகிற பையனுக்குத் தெரியாதா? அவனும் அந்தப் பாடத்தைப் படித்தவன்தான். வலை வைக்கிறவர்களின் கதையும் இதேதான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபானத் தோட்டத்தில் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பி வலையில் சிக்கிப் பின்னர் இறந்தது. மரக்கறிப் பாத்தியைத் தின்ன வரும் பன்றிக்கு வைக்கிற வலைகள்தான் இந்த மலைகளில் சிறுத்தைகளையும் கொல்கின்றன.

இப்போது ஒரு மாற்றம் தொடங்கியிருக்கிறது, மெதுவாக. இந்தியப் பிரதமர் 2017 மே 12 அன்று நோர்வூட்டுக்கு வந்து மேலும் பத்தாயிரம் வீடுகள் என்று அறிவித்தார். அதற்கு முன்பே தொடங்கிய திட்டங்களில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலமும் தனிவீடும் கிடைத்தன. எல்லோருக்கும் அல்ல, லயங்கள்தான் இன்னும் அதிகம். ஆனால் ஒரே தோட்டத்தில், ஒரே வகுப்பில், ஒரே புத்தகத்தைப் படிக்கிற இரண்டு பிள்ளைகளில் ஒன்று லயத்துக்கும் மற்றது ஏழு பேர்ச்சுக்கும் திரும்பிப் போகிற நிலை வந்துவிட்டது. உளவியல் ஆய்வுக்கு இப்படியொரு வாய்ப்பு எளிதில் அமையாது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வினாக்கொத்தைக் கொடுக்கலாம். ஐந்து வருடம் கழித்து இரண்டு வீட்டுக் கோடியிலும் என்ன நிற்கிறது என்று போய்ப் பார்க்கலாம். அந்த வினாக்கொத்தின் ஒரு பிரதியைத் துரை பங்களாவுக்கும் ஒன்றைப் பிரதேச சபைக்கும் அனுப்ப வேண்டும், தோட்டத்தின் பெயரை மறைக்காமல்.