அன்றாட வாழ்வில் ஆங்கில மரபுத்தொடர்கள்

ஒரு மொழியின் சொற்களைக் கற்பது வேறு. அச்சொற்கள் வழங்கும் மரபைக் கற்பது வேறு. பத்தாண்டுகள் பாடசாலையில் ஆங்கிலம் படித்துப் பரீட்சையிலும் தேறிய ஒருவர், வைத்தியசாலையிலோ வங்கியிலோ ஆங்கிலம் பேசுவோரை எதிர்கொள்ளும்போது வாயடைத்து நிற்பதை இலங்கையின் எப்பகுதியிலும் காணலாம். அவர் அறிந்த சொற்கள் குறைவு என்பதன்று இதற்குக் காரணம். அறிந்த சொற்களே அறியாத பொருளில் வந்து நிற்பதுதான் காரணம். இவ்விடர்ப்பாட்டின் இயல்பையும் அதனை நீக்கும் வழியையும் ஆராய்வதற்கு மாத்தளை மாவட்டம் பொருத்தமான களமாகும். தமிழும் ஆங்கிலமும் ஒன்றையொன்று கற்றுக்கொண்ட வரலாறு அங்கே நீண்டது. அக்கல்வி எத்துணைக் குறையுடையதாய் இருந்தது என்பதற்கும் அவ்வரலாறே சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து, கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். 1880ஆம் ஆண்டிலே புகைவண்டிப் பாதையும் மாத்தளை நகரை எட்டியது. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அம்மலைச்சாரல்களிற் பரவின. ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை முதலிய இடங்களிலே தோட்டத்துரையும் தொழிலாளரும் ஒருவர் சொல்லை மற்றவர் அறியவேண்டிய நிலை உண்டாயிற்று. ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் ‘லயம்’ ஆகிக் குடியிருப்பைக் குறித்தது. ‘பரேட்’ என்பது ‘பிரட்டு’ ஆகி, விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் ஒன்றுகூடலைக் குறித்தது. மறுபுறத்தில், ‘கங்காணி’ என்ற தமிழ்ச் சொல் ஆங்கிலச் சட்டநூல்களிலும் அறிக்கைகளிலும் ஏறி அமர்ந்தது.

துரைமார் தமிழ் கற்பதற்கென்றே கைந்நூல்கள் எழுதப்பட்டன. ஏ. எம். பெர்குசன் சின்னத்துரைமாருக்கென வெளியிட்ட சட்டைப்பை நூலின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பார் ‘கூலித் தமிழ்’ என்னும் பெயரால் இன்னொரு நூலை வெளியிட்டார். இத்தலைப்புகளே ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. ஒருவன் ஒரு மொழியிலிருந்து எவற்றைத் தேர்ந்து கற்கிறானோ, அவையே அம்மொழி பேசுவோரோடு அவன் கொள்ளும் உறவையும் தீர்மானிக்கின்றன. ஏவல் வாசகங்களை மட்டும் கற்றவன் ஏவலாம், உரையாட இயலாது.

தொழிலாளர் பக்கத்திலும் இதே குறை வேறோர் உருவில் இருந்தது. கச்சேரிக்கோ தோட்டக் காரியாலயத்துக்கோ அனுப்பவேண்டிய முறைப்பாட்டைக் கூலிக்கு எழுதிக்கொடுப்போர் இருந்தனர். ‘தங்கள் பணிவுள்ள விண்ணப்பகாரன்’, ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர்களே அவற்றின் முதலும் முடிவுமாய் அமைந்தன. கேட்பதற்கும், மறுப்பதற்கும், விளக்கம் கோருவதற்கும் உரிய ஆங்கிலத்தை யாரும் கற்பிக்கவில்லை.

அதனால் விளைந்த தீங்கு சிறிதன்று. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதற்கு, அவன் கடனைக் குறித்து எழுதிய ‘துண்டு’ ஒன்று வேண்டியிருந்தது. அத்துண்டிலுள்ள வாசகத்தைத் தானே படித்தறிய இயலாத மனிதனின் வாழ்க்கை அத்துண்டினால் கட்டுண்டு கிடந்தது. 1921ஆம் ஆண்டிலேதான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பின்னர், 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், மணமானவராயின் 7 ஆண்டும் மணமாகாதவராயின் 10 ஆண்டும் ‘இடையறாத வதிவு’ உடையோர் என்று காட்டவேண்டியிருந்தது. ‘இடையறாத’ என்ற ஒரு சொல்லுக்குச் சட்டம் கொண்ட பொருள் யாதென்பதில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே தங்கியிருந்தது. ஆகவே, மரபுத்தொடரை அறிதல் பேச்சுக்கு அணி சேர்க்கும் பொழுதுபோக்கு அன்று. தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளுள் ஒன்று.

இனி, மரபுத்தொடரின் இயல்பை நோக்குவோம். ‘உயர்ந்த ஆங்கிலம்’ என்றதும் நீண்ட, கடினமான சொற்களையே பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், பிரெஞ்சு மொழியிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் எண்ணற்ற சொற்கள் ஆங்கிலத்திற் புகுந்தன. நீதிமன்றத்துக்கும் ஏட்டுக்கும் அவை உரியவையாயின. வீட்டுக்கும் வீதிக்கும் பழைய குறுஞ்சொற்களே நிலைத்தன. தமிழிலே ‘நோய்’ என்பதும் ‘வியாதி’ என்பதும், ‘தொடங்கு’ என்பதும் ‘ஆரம்பி’ என்பதும் அருகருகே வழங்குவதை இதனோடு ஒப்பிடலாம். நம் மாணவர் பாடநூலின் வழியாக நீண்ட சொற்களை முதலிற் கற்கின்றனர். எனவே, ‘போஸ்ட்போன்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லக்கூடியவர், ‘புட் ஒஃப்’ என்று ஒருவர் பேச்சில் சொல்லும்போது திகைக்கிறார். இரண்டும் ஒத்திவைத்தலையே குறிக்கின்றன என்பதை அவருக்கு எவரும் உணர்த்தவில்லை.

‘புட்’ என்றால் ‘வை’ என்று பொருள். அதனோடு ‘அவுட்’ சேர்ந்தால் நெருப்பை அல்லது விளக்கை அணைத்தலாகும். ‘அப் வித்’ சேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுதலாகும். ‘வை’ என்ற பொருளை வைத்துக்கொண்டு இவற்றை ஊகித்தறிதல் கடினம். தமிழருக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. ‘கை’ என்ற உறுப்பின் பெயரோடு ‘விடு’ சேர்ந்தால் துறத்தல். ‘கொடு’ சேர்ந்தால் உதவுதல். ‘கழுவு’ சேர்ந்தால் பொறுப்பைத் தட்டிக்கழித்தல். ‘நீட்டு’ சேர்ந்தால் அடித்தல் அல்லது இரத்தல். தமிழ் கற்கும் வேற்றுமொழியாளர் இவற்றைத் தனித்தனியே பிரித்துப் பொருள் கண்டால் எங்ஙனம் இடறுவாரோ, அங்ஙனமே ஆங்கிலத் தொடரைப் பிரித்துப் பார்ப்பவரும் இடறுவார். தொடரை முழுமையாக ஒரே சொல்போலக் கொள்வதே முறை.

அடுத்தது, சொல்லுக்குச் சொல் உள்ள நட்பு. தமிழில் மழை பெய்யும், காற்று வீசும், மின்னல் வெட்டும். மின்னல் வீசும் என்றோ மழை வெட்டும் என்றோ எவரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அவ்வாறே ஒவ்வொரு சொல்லுக்கும் தோழமை உண்டு. லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராய் இருந்து பின்னர் லண்டனில் மொழியியல் கற்பித்த ஜே. ஆர். ஃபேர்த், ஒரு சொல்லை அதன் சேர்க்கையால் அறியவேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தினார். அவர் வழிவந்த ஹாலிடே 1966இல் இதனை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணம் தேநீரே என்பது தேயிலை நாட்டினருக்கு மகிழ்ச்சி தரும். சாயம் கூடிய தேநீரை ஆங்கிலேயர் ‘ஸ்ட்ரோங்’ என்பர், ‘பவர்ஃபுல்’ என்னார். இரு சொற்களும் வலிமையையே குறிப்பினும் தேநீர் ஒன்றையே தோழனாய்க் கொண்டது. ஆகவே, ஒரு சொல்லைத் தனியே மனனம் செய்வதிலும் அதன் தோழனோடு சேர்த்து மனங்கொள்வதே பயனுடையது.

மூன்றாவது, மரியாதை. தமிழிலே ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்று முன்னிலைச் சொல்லே மதிப்பைக் காட்டிவிடும். இக்கால ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ‘யூ’ ஒன்றே. அங்கே மரியாதையை வாக்கியத்தின் போக்குத்தான் சுமக்கிறது. ‘வுட் யூ மைன்ட்’ என்று தொடங்கி, வெளியே சற்றுக் காத்திருக்கும்படி ஒரு தாதி கேட்பதாகக் கொள்வோம். ‘யெஸ்’ என்று பணிவோடு தலையாட்டுபவர், தம்மையறியாமலே மறுப்புத் தெரிவித்துவிடுகிறார். ஏனெனில், ‘உங்களுக்கு ஆட்சேபம் உண்டோ’ என்பதே அவ்வினாவின் பொருள். ‘இல்லை’ என்பதே இணக்கம். அதுபோல, ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று எழுதுவினைஞர் தொடங்கினால், அவர் எதற்கும் அஞ்சுகிறார் என்பதன்று. விரும்பாத செய்தியொன்றை மெல்லச் சொல்லப்போகிறார் என்பதே கருத்து. ‘மன்னிக்கவேண்டும்’ என்று தமிழர் தொடங்குவதற்கு அது நிகரானது.

இவை அனைத்தையும் பேசவும் வேண்டுமோ எனின், வேண்டியதில்லை. கேட்டு அறியவேண்டியவை பல. தாமே பேசவேண்டியவை சில. தமக்கு ஒவ்வாத ஒன்றை ‘என் கோப்பைத் தேநீரன்று’ என்னும் கருத்தில் ஆங்கிலேயர் சொல்லும்போது அதைப் புரிந்துகொண்டாற் போதும். பூனையும் நாயுமாய் மழை பொழிகிறது என்ற பழைய தொடரைப் பயிற்சி நூல்கள் விடாமற் கற்பிப்பினும், அன்றாடப் பேச்சில் அது அருகியே வழங்குகிறது. அதனைக் கடிதத்திற் புகுத்துவோர் நகைப்புக்கு இடமாவர். மாறாக, மருந்தை வெறுவயிற்றில் உண்க என்பதற்குரிய ‘ஒன் அன் எம்ப்டி ஸ்டமக்’, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்பதற்குரிய ‘டேர்ன்ட் டவுன்’, விடயத்தை ஆராய்வோம் என்பதற்குரிய ‘லுக் இன்டு’ ஆகியன உடல்நலத்தையும் தொழிலையும் தொடுவன. முதலிற் கற்கவேண்டியவை இவையே.

இலங்கை ஆங்கிலத்துக்கென்றும் தனி வழக்குகள் உண்டு. கொழும்புக்கு வெளியேயுள்ள ஊர்களை ‘அவுட்ஸ்டேஷன்’ என்பது அவற்றுள் ஒன்று. மைக்கல் மெய்லர் 2007இல் வெளியிட்ட இலங்கை ஆங்கில அகராதி இத்தகையவற்றைத் தொகுத்துள்ளது. இவற்றைப் பிழையென்று இகழ்தல் தகாது. எனினும், வெளிநாட்டவரோடு பேசும்போது அவை விளங்காமற் போகலாம் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

சிங்கள இளைஞர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்று குறிப்பதுண்டு. திரு கந்தையா 1984இல் எழுதிய கட்டுரை ஒன்று அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு, ஆங்கிலம் எங்ஙனம் அதிகாரத்தின் கருவியாயிற்று என்பதை ஆராய்ந்தது. அவ்வாளுக்கு அஞ்சுவோர் தமிழரிலும் உளர். பிழை நேர்ந்தால் நகைப்பர் என்ற அச்சமே பலரின் நாவைக் கட்டிவிடுகிறது. இவ்வச்சத்தைப் போக்கும் முதல் தொடர்கள், ‘மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள்’, ‘நீங்கள் சொல்வதன் பொருள் இதுதானோ’, ‘வாசித்துப் பார்த்தபின் ஒப்பமிடுகிறேன்’ என்பவற்றுக்கு நிகரான ஆங்கில வாக்கியங்களாகும். இம்மூன்றையும் தடையின்றிச் சொல்ல வல்லவர், அறியாத நூறு தொடர்களையும் எதிர்கொள்ள வல்லவர். மேற்காசிய நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்வோர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் மூன்றாவது வாக்கியத்தின் அருமையை உணர்வர்.

கற்கும் முறையும் எளியதே. கொப்பி ஒன்றை எடுத்து, அகரவரிசையில் அன்றி, இடவரிசையில் வகுத்துக்கொள்ளல் வேண்டும்: வைத்தியசாலை, வங்கி, பஸ் நிலையம், தோட்டக் காரியாலயம், தொலைபேசி என்றவாறு. ஒவ்வொரு தொடருக்கும் எதிரே, அதை யார் யாரிடம் சொல்வர், அதற்கு மறுமொழி யாது, தமிழில் அவ்விடத்தில் எதைச் சொல்வோம் என்ற மூன்றையும் குறித்தல் வேண்டும். எபிங்கவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885இல் வெளியிட்ட ஆய்வு, கற்றது முதல் நாட்களிலேயே விரைந்து மறதியில் மறைகிறது என்பதைக் காட்டிற்று. எனவே, குறித்த தொடரை மறுநாளும், சில நாள் கழித்தும், மீண்டும் சில வாரங்கள் கழித்தும் நோக்குதல் தகும். வானொலியின் ஆங்கிலச் செய்தியைக் கேட்டு, ஒரு வாக்கியத்தையேனும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நாவுக்கும் செவிக்கும் ஒருங்கே பயிற்சியாகும்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று வகுத்தது. ஆகவே, அரச காரியாலயத்தில் தமிழிலே பதில் கோருவதற்கு உள்ள உரிமையை ஆங்கிலப் புலமை எதுவும் ஈடுசெய்யாது. அவ்வுரிமையைக் கைவிடாமலே இணைப்பு மொழியையும் கைக்கொள்ளல் வேண்டும். ‘இங்கே வா’ என்று ஒருவர் ஏவவும், ‘பணிவுள்ள விண்ணப்பகாரன்’ என்று மற்றவர் இரக்கவும் மட்டுமே மொழி பயன்பட்ட காலத்தை மாத்தளையின் மலைத்தோட்டங்கள் கண்டன. வினாவவும், விளங்கிக்கொள்ளவும், வேண்டாதபோது வேண்டாமென்று மரியாதையுடன் மறுக்கவும் உதவும் ஆங்கிலமே இன்று அங்குள்ள பிள்ளைகள் கற்கத் தகுந்த உயர்ந்த ஆங்கிலமாகும்.