கூட்டுக்குள் இருந்து பார்க்கும் முகம்

பல்லாவரம் பக்கத்துக் குன்றில் வெட்டிய ஒரு கருங்கல், வங்கம் வரை போய் ஓர் ஆங்கிலேயரின் கல்லறைமேல் அமர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவர் ஜாப் சார்னாக் 1693-இல் இறந்தார். கொல்கத்தாவில் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறை இன்றும் இருக்கிறது. சுமார் 200 ஆண்டுகள் கழித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்தார். சென்னையைச் சுற்றியுள்ள குன்றுகளின் பாறையும் அதுவும் ஒன்றே என்று கண்டு, கல்லறைக்காரரின் பெயரையே பாறைக்கு வைத்தார். அதுதான் சார்னாக்கைட். அண்டார்க்டிகாவில் கிடைத்தாலும் அந்தப் பாறைக்கு அதே பெயர்தான். பல்லாவரத்துப் பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் பூசியது போன்ற பளபளப்பும், நீலம் கலந்த கருமையும் தெரியும்.

கருமை, கல்லறை, கூர்நுனி வளைவு, இருட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் முகம் என்று இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் இன்றைய இளைஞர்கள் ‘கோதிக்’ அலங்காரம் என்கிறார்கள். அறையை அப்படி அமைக்க ஆசைப்பட்டு இணையக் கடைகளில் தேடினால் பிளாஸ்டிக் மண்டையோடும் ரெசின் வௌவாலும்தான் வருகின்றன. விலையும் கொஞ்சமல்ல. செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ இருப்பவர்கள் அவற்றை வாங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. கோதிக் அழகின் முக்கால்வாசி வடிவத்திலும் வெளிச்சத்திலும் இருக்கிறது. பொருள் எதுவானாலும் பரவாயில்லை, பழைய செய்தித்தாளே போதும்.

இதை நிரூபித்துக் காட்டியவர் ஓர் எழுத்தாளர். லண்டனுக்கு அருகே டுவிக்கன்ஹாமில் ஹொரேஸ் வால்போல் 1740-களின் இறுதியில் ஒரு சாதாரண வீட்டை வாங்கி, அதைக் கோதிக் மாளிகையாக மாற்றத் தொடங்கினார். ஸ்ட்ராபெரி ஹில் என்று பெயர். அதன் நீண்ட கூடத்தின் விதானம் விசிறி விசிறியாக விரியும். வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயில் ஏழாம் ஹென்றி மன்னரின் வழிபாட்டுக் கூடத்தில் கல்லில் செதுக்கியிருக்கும் விதானம்தான் அதற்கு மாதிரி. வால்போல் வீட்டு விதானத்திலோ கல்லே கிடையாது. எல்லாம் காகிதக் கூழ்! மாடிப்படிச் சுவரில் தெரியும் கல் வேலைப்பாடும் காகிதத்தில் தீட்டியதே. அந்த வீட்டில் இருந்துகொண்டு அவர் எழுதி 1764-இல் வெளியான ‘தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ’வைத்தான் முதல் கோதிக் நாவல் என்கிறார்கள்.

அங்கே காகிதம் கல்லாக நடித்தது என்றால், நம் கடற்கரையில் அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே கல், ஓலையாகவும் மரமாகவும் நடித்திருக்கிறது. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் அச்சு அசலாக ஒரு கூரைக் குடிசை. மற்ற ரதங்களின் கூரை விளிம்பில் வரிசையாகக் குதிரை லாட வடிவில் சின்னச் சின்ன வளைவுகள் இருக்கும். சிற்பிகள் அவற்றைக் கூடு என்பார்கள். மூங்கிலை வளைத்து ஓலை வேய்ந்த பழைய வீடுகளின் முகப்புச் சாளரம்தான் கல்லில் இப்படிக் கூடாக மாறியது. உச்சியில் மண்வெட்டித் தகடு போல ஒரு முடி. பல கூடுகளுக்குள் ஒரு முகம் இருக்கும். சாளரத்தின் உள்ளே ஆள் நின்று வெளியே பார்ப்பது போல, அந்த முகம் நம்மைப் பார்க்கும். வடக்கே சாளுவன்குப்பத்துப் புலிக்குகையில் இதே உணர்வு இன்னும் உக்கிரம்: நடுவில் ஒரு குடைவு, அதைச் சுற்றி 11 யாளித் தலைகள், எல்லாம் பிதுங்கிய விழியும் திறந்த வாயுமாக. கோதிக் அழகு இறக்குமதிச் சரக்கு என்று நினைப்பவர்கள் ஒருமுறை அதன் எதிரில் போய் நிற்க வேண்டும்.

எனவே நான் சொல்லும் அலங்காரம் இதுதான்: அட்டையில் ஒரு கூடு, அதற்குள் காகிதக் கூழில் ஒரு முகம். அந்த முகத்தைச் சுவரில் அசையாமல் மாட்டியிருப்போம். அறைக்குள் நடப்பவர்களுக்கோ அது தலையைத் திருப்பித் திருப்பித் தங்களையே பார்ப்பது போல் இருக்கும். மின்மோட்டார் ஏதும் தேவையில்லை. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் காகிதம். செய்தித்தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிக்க வேண்டும். கிழித்த விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெட்டிய விளிம்பு சுவர்போல நேராக நிற்கும். கிழித்த விளிம்பிலோ மெல்லிய நார்கள் மீசை முளைத்தது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நார்கள்தான் செல்லுலோஸ். தண்ணீரில் ஊறும்போது அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி மிதக்கும். உலரும்போது, ஆவியாகும் நீரின் பரப்பு இழுவிசை அவற்றை நெருக்கி இழுக்கும். கடைசித் துளி நீரும் போனதும் நாருக்கும் நாருக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்பு விழுந்துவிடும். ஒரு பிணைப்பு மிக மெலிதானது. கோடிக்கணக்கில் சேரும்போது பலகை போலக் கெட்டிப்படும். கிழித்த துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டினால் விளிம்பு தெரியாமல் கரைந்துவிடுவதற்கும் இதே நார்ப்பின்னல்தான் காரணம்.

பசைக்கு மைதா போதும். மாவுத்துகள் சுமார் 60 முதல் 70 டிகிரி வெப்பத்தில் நீரை உறிஞ்சி ஊதி வெடித்துக் கூழாகிறது. அதனால்தான் பச்சை மாவைக் கரைத்தால் ஒட்டாது, காய்ச்சினால் ஒட்டுகிறது. மைதாவைவிட உயர்ந்தது புளியங்கொட்டைப் பசை. கொட்டையை வறுத்து, தோலை நீக்கி, பொடித்துக் காய்ச்ச வேண்டும். அதில் இருக்கும் சைலோகுளூக்கன் என்ற கூட்டுச்சர்க்கரை, செடிகளின் செல் சுவரில் செல்லுலோஸ் நார்களைத் தழுவி இருக்கும் அதே வகைப் பொருள். இயற்கையே காகித நாருக்காகச் செய்துவைத்த பசை என்று சொல்லலாம். நம் ஊரில் வீசியெறியும் கொட்டை இது. பூச்சி அரிக்காமல் இருக்கப் பழைய புத்தகக் கட்டுநர்கள் பசையில் துளி மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

அச்சுக்கு ஏரிக் களிமண். ஒரு பலகையில் மனித முகம் ஒன்றைப் பிடியுங்கள்: தூக்கலான மூக்கு, அகலமான விழி. களிமண் காய்வதற்குள் மேலே தேங்காயெண்ணெய் தடவிவிட்டால் காகிதம் ஒட்டிக்கொள்ளாது. முதல் அடுக்குத் துண்டுகளைப் பசையில்லாமல் வெறும் தண்ணீரில் நனைத்து வையுங்கள், பிறகு பசையுடன் ஆறேழு அடுக்கு. இரண்டிரண்டு அடுக்குக்கு நடுவே நிழலில் உலர விட வேண்டும். வெயிலில் வைத்தால் மேற்புறம் முதலில் சுருங்கி முகம் கோணிவிடும். நன்றாகக் காய்ந்தபின் விளிம்பில் கத்தியை விட்டு நெம்பினால் ஓடு கழன்று வரும். வெளிப்புறம் மேடான முகம், உட்புறம் பள்ளமான முகம். நமக்கு வேண்டியது அந்தப் பள்ளம்தான்.

உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளைப் பூச்சடித்து, முகத்தைத் தீட்டுங்கள். விழியின் வெள்ளையைத் தாராளமாக விடுங்கள். பயந்தவரின் கண்ணில் வெள்ளை அதிகம் தெரியும். அந்த வெள்ளையைக் கண நேரம் மட்டும், நாம் உணராத வேகத்தில் காட்டினால்கூட, மூளையில் அச்சத்தைக் கவனிக்கும் அமிக்டலா விழித்துக்கொள்கிறது என்று பால் வேலன் குழுவினர் 2004-இல் காட்டினார்கள். கட்டடத்தின்மேல் கட்டும் திருஷ்டிப் பூசணிக்காயில் முட்டைக் கண் வரையும் நம் ஊர்க்காரர்களுக்கு இது வெகு காலமாகத் தெரியும்.

இப்போது அந்த முகத்தைப் பள்ளமான பக்கம் அறையை நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, வேண்டுமானால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பள்ளம் தெரியாது. மேடான முகம்தான் தெரியும்! பிறந்த நாளிலிருந்து நாம் பார்த்த முகங்கள் எல்லாம் மேடானவை. மூக்கு உள்ளே போன முகத்தைப் பார்த்ததே இல்லை. கண் கொண்டுவரும் தகவலைவிட அந்தப் பழக்கத்தைத்தான் மூளை நம்புகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரி இதை விரிவாக எடுத்துச்சொல்லிப் பலரும் அறியச் செய்தார். இது பொய்த்தோற்றம் என்று தெரிந்த பிறகும் அது கலையாது. அறிவு சொன்னாலும் பார்வை கேட்பதில்லை.

நடந்து பார்த்தால் இன்னும் வியப்பு. நாம் வலப்பக்கம் நகர்ந்தால், பள்ளத்தின் ஆழத்தில் இருக்கும் மூக்கும் அருகில் இருக்கும் காதும் ஒன்றுக்கொன்று இடம் மாறித் தெரியும். மேடான முகமாக இருந்தால் அந்த மாற்றம் நேர் எதிராக நடக்க வேண்டும். முகம் மேடு என்று மூளை முடிவு செய்துவிட்டதால், அந்த முரண்பாட்டுக்கு அதனிடம் ஒரே விடைதான் இருக்கிறது: முகம் திரும்புகிறது. நாம் எந்தப் பக்கம் போனாலும் அது நம் பக்கமே திரும்பும். அமெரிக்க டிஸ்னிலாந்தில் 1969-இல் திறந்த பேய் மாளிகையில், வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கும் சிலைகளும் இப்படிப்பட்ட பள்ள முகங்களே.

விளக்கை முகத்துக்குக் கீழே வையுங்கள். சூரியன் மேலே இருப்பதால், வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை எடுத்துக்கொள்ளும். பள்ளத்தில் கீழிருந்து விழும் ஒளி, மேட்டின்மேல் மேலிருந்து விழுந்தது போன்ற நிழலையே தரும். மாயை இன்னும் உறுதிப்படும். பக்கத்தில் ஒரு மேடான யாளி முகத்தையும் மாட்டினால், அதே விளக்கு அதைத் தலைகீழ் நிழலால் கொடூரமாக்கும். ஒரே விளக்கில் இரண்டு வேலை. இத்தனை காகிதத்துக்கு நடுவே நெருப்புச் சுடர் கூடவே கூடாது, சின்ன எல்.இ.டி. விளக்கு போதும்.

கூட்டை அட்டைப்பெட்டியில் வெட்டிக்கொள்ளலாம். கோதிக் வளைவே வேண்டும் என்றால் ஓர் ஆணியும் நூலும் போதும். 30 செ.மீ. அகலத்துக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு முனையிலும் ஆணியை ஊன்றி, 30 செ.மீ. நூலால் இரண்டு வில் வரையுங்கள். இரண்டும் சுமார் 26 செ.மீ. உயரத்தில் கூராகச் சந்திக்கும். சாந்தோம் பேராலயத்துச் சன்னல்களில் பார்க்கும் கூர்வளைவும் இப்படி இரண்டு வில்கள் சந்திப்பதால் பிறப்பதுதான்.

வெளிப்பூச்சுக்குக் கருங்கல்லையே பயன்படுத்துங்கள். நம் மாவட்டத்தில் வீடு கட்டும் இடமெல்லாம் எம்-சாண்ட் குவிந்திருக்கிறது. அது உடைத்த கருங்கல்தான். கட்டுகிறவர்களிடம் கேட்டு ஒரு கைப்பிடி வாங்கி, சலித்து, நைசான பகுதியைப் பெவிகாலில் குழைத்துப் பூசுங்கள். அதற்கு மேல் விளக்குக் கரியை மெல்லத் தேய்த்தால் காகிதம் கல்லாகிவிடும். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது.

அந்த உப்புதான் இந்தக் கரையின் பெரிய பகை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். மாமல்லபுரத்தில் அந்த அளவு ஈரம் சாதாரணம். உப்புக் காற்று பட்ட காகிதம் ஈரத்தைக் குடித்து, நொய்ந்து, பூஞ்சணம் பிடிக்கும். ஆகையால் முன்புறம், பின்புறம், விளிம்பு என எங்கும் விடாமல் இரண்டு கை வார்னிஷ் அடிக்க வேண்டும்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கடற்கரைக் கோயிலையும் இதே உப்புதான் அரிக்கிறது. கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்து, காயும்போது படிகமாக வளர்ந்து, உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும். அதற்கு இந்தியத் தொல்லியல் துறை செய்யும் மருத்துவம் என்ன தெரியுமா? காகிதக் கூழ்! சுத்தமான நீரில் நனைத்த கூழைக் கல்லின்மேல் அப்புகிறார்கள். நீர் துளைக்குள் போய் உப்பைக் கரைக்கிறது. கூழ் வெளிப்புறமாகக் காயக் காய, உப்புநீர் நார்கள் வழியே வெளியே ஏறி வருகிறது. காய்ந்த கூழை உரித்தெடுத்தால் உப்பும் கூடவே வந்துவிடும். நம் சுவர் முகத்தைச் செய்யும் அதே நார்தான் பல்லவர் கல்லையும் காப்பாற்றுகிறது.

மாமல்லபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் வெண்ணெய் உருண்டைப் பாறையருகே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை கையில் ஒரு தாளும் பென்சிலும் கொண்டுபோங்கள். தர்மராஜ ரதத்தின் கூரை விளிம்பை நிமிர்ந்து பார்த்து, ஒரே ஒரு கூட்டையும் அதற்குள் இருக்கும் முகத்தையும் நிதானமாக வரைந்துகொண்டு வாருங்கள். உங்கள் வீட்டுக் களிமண் அச்சுக்கு அதைவிட நல்ல மாதிரி எந்தக் கடையிலும் கிடைக்காது.