திரும்புதலும் சுயநிர்ணயமே: பாலின மீள்மாற்றம் குறித்து நாம் பேசவேண்டியவை

தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், ஏ.கே.சிக்ரி ஆகியோர் வழங்கிய அத்தீர்ப்பு, பாலின அங்கீகாரத்திற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்குவது சட்டவிரோதம் என்றும் கூறியது. திருநர் உரிமைப் போராட்டம் ஊன்றி நிற்கும் நிலம் இதுவே. எனினும், இவ்வுரிமையின் ஒரு கூற்றினைப் பற்றி நாம் அரிதாகவே பேசுகிறோம். திருநங்கையாகவோ திருநம்பியாகவோ வாழத் தொடங்கிய ஒருவர், பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திற்கே பின்னர் திரும்பினால் அவரை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? இத்திரும்புதலையே இங்குப் பாலின மீள்மாற்றம் என்கிறோம்.

படூர், கேளம்பாக்கம் வட்டாரக் கல்லூரி மாணவர்களோடு உரையாடும்போது இது இரண்டு வடிவங்களில் எழக் காண்கிறோம். ஒன்று: 'அப்படியானால் மற்றவர்கள் சொல்வதும் பொய்தானா?' மற்றொன்று: 'திரும்பியவர் துரோகி அல்லவா?' முதலாவது திருநரை இழிவுபடுத்துகிறது. இரண்டாவது திரும்பியவரை இழிவுபடுத்துகிறது. இரண்டுமே மனிதரை விடுத்து வாதத்தை வெல்லப் பார்க்கின்றன.

ஏன் திரும்புகிறார்கள்?

ஸ்வீடனில் 1960 முதல் 2010 வரை பாலின அறுவை சிகிச்சையும் சட்ட அங்கீகாரமும் பெற்ற 681 பேரில் 15 பேர், அதாவது 2.2 விழுக்காட்டினர், அதனை மாற்றக் கோரி விண்ணப்பித்தனர். அமெரிக்காவில் 2015இல் நடந்த திருநர் கணக்கெடுப்பை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டியது. பாலின மாற்றத்தில் ஏதேனும் ஒரு படியை மேற்கொண்டவர்களில் 13.1 விழுக்காட்டினர் எப்போதேனும் ஒரு காலத்தில் திரும்பியிருந்தனர். அவர்களுள் 82.5 விழுக்காட்டினர் குடும்ப அழுத்தம், சமூக இழிவு போன்ற புறக்காரணங்களைக் குறிப்பிட்டனர். ஆனால் அக்கணக்கெடுப்பில் பங்கேற்றவர்கள் அப்போதும் தம்மைத் திருநராக அடையாளப்படுத்தியவர்கள் என்பதை மறக்கலாகாது. முற்றிலும் திரும்பியவர்களின் குரல் அதில் இல்லை. அத்தகையோர் உள்ளிட்ட 237 பேரிடம் நடத்தப்பட்டு அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், 70 விழுக்காட்டினர் தம் பாலின ஒவ்வாமை வேறு சிக்கல்களோடு தொடர்புடையது என்று பின்னர் உணர்ந்ததாகக் கூறினர்.

ஆக, இரண்டு வகைத் திரும்புதலும் உண்மை. வாடகைக்கு வீடு கிடைக்காமலும், வேலை மறுக்கப்பட்டும், குடும்பத்தின் கட்டாயத் திருமண ஏற்பாட்டுக்குப் பணிந்தும் திரும்புவோர் உண்டு. தம்மைப் பற்றிய புரிதலே மாறியதால் திரும்புவோரும் உண்டு. முன்னதற்குக் காரணமான ஒடுக்குமுறையை எதிர்க்கவேண்டும், பின்னதை மதிக்கவேண்டும்.

சமூகத்திற்குள் நிலவும் அச்சம்

திருநர் சமூகத்திற்குள் மீள்மாற்றம் குறித்து நிலவும் கசப்பு காரணமற்றது அன்று. ஒருவரின் திரும்புதலை ஆயிரம் பேருக்கு எதிரான சாட்சியமாக்கும் அரசியல் உலகெங்கும் நடக்கிறது. இங்கிலாந்தில் கெய்ரா பெல் தொடுத்த வழக்கில், இளையோருக்குப் பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்து வழங்குவதை உயர்நீதிமன்றம் 2020இல் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அத்தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் ரத்துசெய்தது. இடைப்பட்ட காலத்தில் சிகிச்சைக்குக் காத்திருந்த இளையோரே அல்லலுற்றனர். தன் அனுபவத்தைச் சொன்ன பெண் ஒரு தரப்பின் ஆயுதமாகவும் மறுதரப்பின் பகையாகவும் ஆனார்.

நம் மண்ணில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. பெற்றோர் துரத்திய திருநங்கைக்கு ஜமாத்தே வீடு; குருவே தாய். நிர்வாணம் செய்துகொண்டவருக்கு அங்கே தனி மதிப்பு. அத்தகைய அமைப்பிலிருந்து ஒருவர் விலகும்போது அது தனிமனித முடிவாகப் பார்க்கப்படுவதில்லை. உறவின் முறிவாகவே பார்க்கப்படுகிறது. பிறந்த வீடு ஒருமுறை கைவிட்டவரை, புகுந்த வீடும் கைவிட்டால் அவர் எங்கே செல்வார்? விதைப்பை அகற்றப்பட்ட ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் சிகிச்சை தேவைப்படலாம். இல்லையெனில் எலும்பு வலுவிழக்கும். அவமானத்திற்கு அஞ்சி மருத்துவமனைக்கே செல்லாமலிருப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

சட்டத்தின் இடைவெளி

2019ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்ட வடிவில், 6ஆம் பிரிவு மாவட்ட ஆட்சியரிடம் திருநர் சான்றிதழ் பெறவும், 7ஆம் பிரிவு அறுவை சிகிச்சைக்குப் பின் ஆண் அல்லது பெண் என்று திருத்திய சான்றிதழ் பெறவும் வழிசெய்தது. திரும்புவோருக்கென வெளிப்படையான நடைமுறை எதையும் அது வகுக்கவில்லை. 'பொய்ப் பிரமாணப் பத்திரம் கொடுத்தாய்' என்று வழக்கு வருமோ என அஞ்சுவோர் உண்டு. பொய் என்று அறிந்தே சொல்வதுதான் குற்றம். அன்று உண்மையென நம்பிச் சொன்னது, பின்னர் வாழ்க்கை மாறியதால் குற்றமாகிவிடாது.

அதேபோல், தானே திரும்புவதும் பிறர் திருப்புவதும் ஒன்றல்ல. சுஷ்மா வழக்கில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று, பாலின அடையாளத்தை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடைவிதித்தார். ஒருவரின் மீள்மாற்றத்தைக் காட்டி அத்தகைய வன்முறையை நியாயப்படுத்த இயலாது.

சாதி கற்றுத்தந்த பாடம்

திரும்பி வருபவரிடம் 'உன்னை ஏற்றுக்கொண்டார்களா?' என்று கேட்கும் சட்டத்தைத் தலித் மக்கள் நன்கறிவர். கே.பி.மனு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல், மதம் மாறிப் பின் திரும்பியவர் பட்டியல் சாதித் தகுதியை மீளப்பெற, அச்சமூகம் அவரை ஏற்றுக்கொண்டதற்குச் சான்று வேண்டும் என்றது. ஒருவரது தகுதி பிறரின் ஏற்புக்குக் காத்திருக்கும் நிலை எத்தகையது என்பதை அறிந்த நாம், அதே வாயிற்காவலைத் திருநர் வெளிகளில் நிறுவலாகாது.

கிரேஸ் பானு உள்ளிட்டோர் போராடிவரும் கிடைமட்ட இடஒதுக்கீடு இங்கும் பொருளுடையது. அதனை வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. இம்முறையில் திருநர் அடையாளம் சாதித் தகுதியை அழிக்காது. பட்டியல் சாதியினர் அதற்குள்ளேயே திருநருக்கான பங்கைப் பெறுவர். ஆகவே பின்னாளில் பாலின அடையாளம் மாறினாலும் சாதிவழி உரிமை கேள்விக்குள்ளாகாது.

செய்யவேண்டியவை

மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள், காரணம் கேட்டு அவமதிக்காமல், பிரமாணப் பத்திரத்தின் அடிப்படையில் சான்றிதழைத் திருத்தவோ விலக்கிக்கொள்ளவோ நடைமுறை வகுக்கவேண்டும். அரசு மருத்துவமனைகளின் திருநர் பிரிவுகள் திரும்புவோருக்கும் ஹார்மோன் சிகிச்சையும் உளவியல் துணையும் அளிக்கவேண்டும். கல்லூரிகள் மாணவரின் பெயர்த் திருத்தத்தைக் கேலிப்பொருளாக்காமல் கமுக்கமாக முடித்துத்தர வேண்டும். திருநர் அமைப்புகள், திரும்பியவரின் கதையை எதிரிகள் பறித்துக்கொள்ளும் முன், அவர் பேசுவதற்குத் தம் மேடையிலேயே இடம் தரவேண்டும்.

நால்சா தீர்ப்பு எவரையும் ஒரே வாசல் வழியே ஒருமுறை மட்டும் செல்லுமாறு பணிக்கவில்லை. தீர்மானிக்கும் உரிமை மனிதருடையது என்றே அது கூறியது. அவ்வுரிமை, நமக்கு உவப்பான முடிவை எடுத்தவருக்கு மட்டும் உரியது அன்று.