தொடுமுனையிலிருந்து மின்னணுத் தூண்டலுக்கு: பழைய அம்பாசிடர் கார்களில் பொறிமூட்டு அமைப்பின் மாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

பழைய பெட்ரோல் கார்களின் டிஸ்டிரிபியூட்டரில் உள்ள தொடுமுனைகளை நீக்கிவிட்டு மின்னணுச் சாதனத்தைப் பொருத்தும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. இம்மாற்றத்தால் நீங்கும் குறைகள் எவை, நீங்காத குறைகள் எவை, புதிதாக வந்து சேரும் குறைகள் எவை என்பவற்றை அம்பாசிடர் காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. மின்னணு முறை தேய்மானத்தை நீக்குகிறது. ஆனால் பழுது என்பதையே நீக்குவதில்லை, அதன் இயல்பை மாற்றுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பொறிமூட்டல், தொடுமுனை, டெல்கோ, ஹால் விளைவு, அம்பாசிடர், பட்டறை வழக்கு.

1. முன்னுரை

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற ஊர். அதற்கு மேற்கே, மங்களூர் ஒன்றியத்தைச் சேர்ந்த தொழுதூர் வழியாகச் சென்னை – திருச்சி நெடுஞ்சாலை செல்கிறது. இத்தகைய பகுதியில் ஒரு பழைய கார் நடுவழியில் நின்றுவிட்டால், அதை மீண்டும் ஓடச் செய்வது அருகிலுள்ள பட்டறையில் கிடைக்கும் பொருளும் கைத்திறனுமே ஆகும். ஆகவே பொறிமூட்டு அமைப்பை மாற்றும் முடிவை எஞ்சினின் திறனை மட்டும் கொண்டு எடைபோட இயலாது. கார் எங்கே ஓடுகிறது என்பதையும் கருத வேண்டும்.

1950களின் இறுதி முதல் 2014 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அம்பாசிடர் கார்களை உற்பத்தி செய்தது. அவற்றுள் நெடுங்காலம் இடம்பெற்றது 1489 கன செ.மீ. கொள்ளளவுடைய, பிரித்தானிய வடிவமைப்பைச் சேர்ந்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். இவ்வெஞ்சின் குடும்பத்தில் லூகாஸ் 25டி4 வகை டிஸ்டிரிபியூட்டர் பரவலாகப் பொருத்தப்பட்டது. 1961இல் தொடங்கப்பட்டுச் சென்னை பாடியில் ஆலை கொண்ட லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் இந்திய வாகனங்களுக்கான மின்கருவிகளைத் தமிழகத்திலேயே உற்பத்தி செய்தது.

2. ‘டெல்கோ’ என்னும் சொல்

டிஸ்டிரிபியூட்டரைப் பட்டறைகளில் ‘டெல்கோ’ என்று வழங்குவதுண்டு. இது கருவியின் பெயரன்று; நிறுவனத்தின் பெயர். அமெரிக்கப் பொறியாளர் சார்லசு கெட்டரிங் 1909இல் தோற்றுவித்த டேட்டன் பொறியியல் ஆய்வக நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கமே டெல்கோ. மின்கலம், காயில், தொடுமுனை ஆகிய மூன்றையும் இணைத்துப் பொறி உண்டாக்கும் முறையை அந்நிறுவனம் காடிலாக் கார்களில் நிலைபெறச் செய்தது. எசுப்பானிய மொழியிலும் டிஸ்டிரிபியூட்டருக்கு இச்சொல்லே வழங்குகிறது. உற்பத்தியாளர் பெயர் பொருட்பெயராகும் சொல்லாக்கத்துக்கு இது நல்ல சான்று. இக்கட்டுரை இனி இச்சொல்லையே ஆள்கிறது.

3. தொடுமுனை இயங்கும் முறை

தொடுமுனைகள் சேர்ந்திருக்கும்போது காயிலின் முதன்மைச் சுற்றில் ஏறத்தாழ 3 முதல் 4 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. டெல்கோவின் தண்டிலுள்ள கேம் முனைகளைப் பிரிக்கும் கணத்தில் அப்புலம் சரிகிறது. அப்போது துணைச்சுற்றில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் எழுகிறது. ரோட்டரும் மூடியும் அதனை உரிய சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்குக் கொண்டு சேர்க்கின்றன. முனைகள் பிரியும்போது அவற்றினிடையே பொறி எழாதவாறு தடுப்பது கண்டன்சரின் பணி.

எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து நொடிக்கு 100 பொறிகள் தேவை. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் இவ்வாறு சுழல்வதாகக் கொண்டால், 10,000 கி.மீ. பயணம் 125 மணி நேரம் ஆகும். அதற்குள் முனைகள் 4.5 கோடி முறை திறந்து மூடுகின்றன. கேமின் மீது உராயும் சிறு கட்டை இவ்வளவு முறை உரசித் தேய்வது இயல்பே.

தேய்மானத்தின் விளைவு இரு வகைப்படும். முதலாவது, 25டி4 வகைக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டிய இடைவெளி குறைகிறது. முனைகள் தாமதமாகப் பிரிகின்றன. பொறியும் தாமதமாக எழுகிறது. முனைகள் மூடியிருக்கும் கோணத்தை டுவெல் என்பர். அது 1 பாகை கூடினால் பொறி எழும் நேரம் கிராங்க் தண்டின் கணக்கில் ஏறத்தாழ 1 பாகை பின்தங்குகிறது. இழுவை குறைதல், எஞ்சின் சூடேறுதல், பெட்ரோல் செலவு கூடுதல் ஆகியவை இதனைத் தொடர்கின்றன. இரண்டாவது, முனைகளின் பரப்பு கருகிக் குழிவிழுகிறது. மின்தடை கூடிப் பொறி வலுவிழக்கிறது.

இக்குறைகள் யாவும் படிப்படியாகவும் கண்ணுக்குத் தெரியும் வகையிலும் நேர்கின்றன. உப்புத்தாளால் முனையைத் தேய்த்து, ஃபீலர் கேஜ் கொண்டு இடைவெளியைச் சரிசெய்தால் கார் மீண்டும் ஓடும். தொடுமுனை முறையின் வலிமை இதுவே.

4. மின்னணு முறையும் அதன் வகைகளும்

மின்னணு முறையில் டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. எப்போது துண்டிக்க வேண்டும் என்பதை உராய்வின்றி அறிவிக்கக் காந்தச் சுருள், ஒளியுணரி, ஹால் உணரி ஆகியவற்றுள் ஒன்று பயன்படுகிறது. ஹால் உணரி, எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் காந்தப்புல மாற்றத்தை உணர்கிறது. கிரைஸ்லர் நிறுவனம் 1973ஆம் ஆண்டு மாதிரிகளிலேயே அமெரிக்கக் கார்களில் மின்னணுப் பொறிமூட்டலைப் பொதுவாக்கியது.

பழைய காருக்கு இரு வழிகள் உள்ளன. பழைய டெல்கோவை வைத்துக்கொண்டு, தொடுமுனைக்கும் கண்டன்சருக்கும் மாற்றாக உணரியையும் காந்த வளையத்தையும் பொருத்துவது முதல் வழி. டெல்கோ முழுவதையும் நீக்கிப் புதிய மின்னணு டெல்கோவை வைப்பது இரண்டாம் வழி.

முதல் வழி செலவு குறைந்தது. ஆனால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் தண்டின் ஆட்டம் தொடரும். வேகத்துக்கேற்பப் பொறியை முன்னதாக்கும் எடைகளும் சுருள்வில்களும் துருப்பிடித்திருந்தாலும், வெற்றிட அட்வான்ஸின் உதரவிதானம் கிழிந்திருந்தாலும் அவையும் அப்படியே இருக்கும். இரண்டாம் வழியில் இவை நீங்கும். எனினும் புதிய டெல்கோவின் அட்வான்ஸ் அளவு அவ்வெஞ்சினுக்குப் பொருந்துமா என்பதைச் சரிபார்க்க வேண்டும். பொருந்தாவிடின் எஞ்சின் தட்டும் அல்லது இழுவையிழக்கும்.

5. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் காண வேண்டியவை

அ. மின்கலத்தின் எந்த முனை காரின் உடலுடன் இணைந்துள்ளது என்பதை முதலில் காண வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை பிரித்தானிய வடிவமைப்புக் கார்களில் நேர்முனையை உடலுடன் இணைப்பது பொதுவழக்கு. எதிர்முனை இணைப்புக்கு உரிய மின்னணுச் சாதனத்தை அத்தகைய காரில் மாற்றி இணைத்தால் அது அக்கணமே கெடும்.

ஆ. காயிலின் முதன்மைச் சுற்றுத் தடையை அளக்க வேண்டும். 12 வோல்ட் காயிலில் இது வழக்கமாக 3 ஓமை ஒட்டி அமையும். சாதனம் கோரும் அளவினும் குறைந்த தடையுள்ள காயில் மிகுதியான மின்னோட்டத்தை இழுத்து டிரான்சிஸ்டரை எரித்துவிடும்.

இ. மூடியிலும் ரோட்டரிலும் மயிரிழை விரிசலோ கரிக்கோடோ உள்ளதா என்று காண வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் வெண்ணிற உடல் அலுமினா சார்ந்த பீங்கான். மின்காப்புத் தன்மைக்காகவே அது அங்கே உள்ளது. பீங்கான் வேலை அறிந்தோர் விரிசல் விட்ட துண்டை ஒதுக்குவது போலவே, விரிசலுற்ற பிளக்கையும் மூடியையும் ஒதுக்க வேண்டும். அவ்விரிசல் வழியே உயர்மின்னழுத்தம் கசியுமாயின் எந்த மின்னணுச் சாதனமும் அதைத் திருத்தாது.

ஈ. பொருத்திய பின் டைமிங் லைட்டின் உதவியால் பொறி நேரத்தைப் புதிதாக அமைக்க வேண்டும். தொடுமுனைக்கு அமைத்த நிலை உணரிக்குப் பொருந்தாது.

உ. எஞ்சின் ஓடாத நிலையில் சாவியைத் திறந்தே வைத்திருக்கலாகாது. பல சாதனங்களில் அப்போதும் காயில் வழியே மின்னோட்டம் பாய்ந்து இரண்டும் சூடேறும்.

6. பழுதின் இயல்பு மாறுதல்

மின்னணுச் சாதனத்துக்கு முதற்பகை வெப்பம். 1971இல் வந்த ஜாகுவார் பன்னிரு சிலிண்டர் எஞ்சினில் லூகாஸ் ஓபஸ் மின்னணுப் பொறிமூட்டியின் பெருக்கி, சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே வெப்பம் மிகுந்த இடத்தில் வைக்கப்பட்டதால் பழுதுகளுக்கு உள்ளாயிற்று. பின்னர் அது வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. கத்திரி வெயிலில் மெதுவாக ஊர்ந்து செல்லும் காரின் பானெட்டுக்குள் இத்தகைய வெப்பத்தை எதிர்பார்க்கத்தான் வேண்டும். மின்கலம் மிகவும் இறங்கிவிட்டால், தள்ளி ஸ்டார்ட் செய்யும்போது தொடுமுனை ஏற்கும் குறைந்த மின்னழுத்தத்தை மின்னணுச் சாதனம் ஏற்காமல் போவதும் உண்டு.

தேய்ந்த தொடுமுனை பல நாள் முன்னரே எச்சரிக்கிறது. மின்னணுச் சாதனம் நெடுங்காலம் குறையின்றி உழைக்கும். கெடும்போது முன்னறிவிப்பின்றிக் கெடுவதும் உண்டு. பிசினில் அடைக்கப்பட்ட அதனைத் திறந்து பழுதுபார்க்க வழியில்லை. தொழுதூரிலோ வேப்பூரிலோ நின்றுவிட்ட காருக்கு அச்சாதனத்தை உடனே வாங்குவதும் எளிதன்று. எனவே கழற்றிய தொடுமுனை, கண்டன்சர், அடித்தட்டு ஆகியவற்றைத் துடைத்துப் பொதிந்து காரிலேயே வைத்திருப்பது அறிவுடைமை. முதல் வழியில் மாற்றிய காரை அவற்றைக் கொண்டு சாலையோரத்திலேயே பழைய நிலைக்குக் கொண்டுவர இயலும். டெல்கோ முழுவதையும் மாற்றியவர் பழைய டெல்கோவையே உடன் வைத்திருக்க வேண்டியதாகும்.

7. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுபவை மூன்று. ஒன்று, தொடுமுனைத் தேய்மானமே குறைக்குக் காரணம் என்று உறுதியான பின்னரே மின்னணு மாற்றம் பயன்தரும். புஷ், அட்வான்ஸ், மூடி, பிளக் ஆகியவற்றின் குறைகளை அது மறைத்துவிடக் கூடாது. இரண்டு, நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடும் காருக்கு மின்னணு முறை ஏற்றது. ஆண்டுக்குச் சில நூறு கி.மீ. மட்டுமே ஓடும் காருக்குச் செம்மையாகப் பேணப்பட்ட தொடுமுனையே போதும். மூன்று, எம்மாற்றமும் மீட்கத்தக்கதாக அமைய வேண்டும். பழைய பாகங்களைப் பேணுவதால் தொழில்நுட்ப வரலாற்றின் சான்றும் காக்கப்படுகிறது; வழியில் நின்ற கார் வீடு சேரவும் வழி கிடைக்கிறது.