அம்பாசிடரின் இறுதி ஆண்டு

பழவேற்காட்டு ஏரிக்கரை மக்களுக்கு மகிழுந்து என்றாலே நெடுங்காலம் அம்பாசிடர்தான். நம் இளமையில் பொன்னேரியிலிருந்து மணமக்களை ஏற்றிவரும் வெண்ணிற வண்டி கரையோடு நின்றுவிடும்; அக்கரைக் குப்பங்களுக்குப் படகே துணை. குப்பத்துச் சிறுவர் அவ்வண்டியைத் தொட்டுப் பார்க்கவே ஏரியைக் கடந்து வருவர். அத்தகைய வண்டியின் இறுதி ஆண்டு நமக்கு உணர்த்துவது யாது என்பதைச் சுருங்கக் காண்போம்.

அமெரிக்க நிறுவனங்கள் ஆண்டுதோறும் புது மாதிரி வெளியிடும் வழக்கமுடையன. அங்குச் செவர்லே கார்வேர் என்னும் சிறு மகிழுந்து 1960 முதல் 1969 வரை பத்து மாதிரி ஆண்டுகளே வாழ்ந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, 1950களின் பிற்பகுதியில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் வங்கத்தின் உத்தரபாராவில் உருவாக்கிய அம்பாசிடரோ, அரை நூற்றாண்டுக்கு மேலாக அடிப்படை வடிவம் மாறாமல் ஓடியது.

மாறியது உள்ளிருந்த எஞ்சினே. பெட்ரோல் வண்டியாகப் பிறந்தது டீசலுக்கும் இடங்கொடுத்தது. 1990களில் ஜப்பானின் இசுசு எஞ்சின் பொருத்தப்பட்டது. 2013இல் 'பாரத் ஸ்டேஜ் 4' என்னும் புகை விதிக்கேற்ற டீசல் எஞ்சினுடன் 'என்கோர்' வெளிவந்தது. அதுவே இறுதி மாதிரி. பழைய மரப்படகில் எஞ்சினைப் பொருத்திக் கடலோடிய நம் மீனவரின் முயற்சியை இஃது ஒத்ததெனலாம்.

ஆயினும் மரப்படகோடு மீனவர் நின்றுவிடவில்லை. பைபர் படகுக்கு மாறினர். அம்பாசிடருக்கு அத்தகைய மறுபிறப்பு வாய்க்கவில்லை. 1983இல் மாருதி வந்தபின் மக்கள் நாட்டம் சிறிய, சிக்கன வண்டிகள்பால் திரும்பியது. அதே நிறுவனம் 1998 முதல் நம் திருவள்ளூரிலேயே மிட்சுபிஷி லான்சரைத் தயாரித்தும், அம்பாசிடரின் பழைய கூடு மாறவில்லை. 1980களின் நடுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 24,000 வண்டிகள் விற்ற நிலை மாறி, 2013-14இல் விற்பனை 2,200 அளவுக்குச் சுருங்கியது. 2014 மே 24 அன்று உத்தரபாராவில் பணி நிறுத்தப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வாழ்வு கேள்விக்குறியாயிற்று.

2017இல் 'அம்பாசிடர்' என்னும் பெயர் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. பெயருக்கு விலை கிடைத்தது. அவ்வண்டியை ஆக்கிய கைத்திறனுக்கு விலை சொல்வார் இல்லை. மரப்படகு கட்டிய தச்சர்தம் நிலையும் இதுவே அன்றோ!

மாற்றம் தவிர்க்கவியலாதது. எனினும் ஒரு பொருளின் இறுதி ஆண்டு, அதனை ஆக்கியோர் பிழைப்பின் இறுதி ஆண்டாக ஆகிவிடலாகாது. புதுத்தொழில் கற்பிக்கும் ஏற்பாடு அவ்வாண்டு வருவதற்கு முன்பே தொடங்கப்பெறுதல் வேண்டும்.