ஒரே குலத்துப் பயிரும் களையும்

நுழையும்முன்

களையெடுப்பு, உழவைப்போலவே தொன்மையான பணி. பயிரும் களையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயின், ஒன்றைக் காத்து மற்றொன்றை அழிப்பது எவ்வாறு? அறிவியல் கண்ட விடையையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மன்னார் வளைகுடாவின் கரையில், இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில் அமைந்துள்ளது வாலிநோக்கம். கடலையொட்டி உப்பளங்கள் விரிந்துள்ளன. உள்நோக்கிச் சென்றால் வானம் பார்த்த புன்செய்கள் தொடங்குகின்றன. கடலாடி, கமுதி, முதுகுளத்தூர் வட்டாரங்களில் மிளகாய், பருத்தி ஆகியவற்றோடு சோளமும் விளைகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசிப் பட்டத்தில் விதைக்கப்படும் சோளம், தானியமாக மக்களுக்கும் தட்டையாகக் கால்நடைகளுக்கும் உணவாகிறது. எனவே, விளைச்சல் குன்றினால் அடுப்பும் தொழுவமும் ஒருங்கே வாடும்.

புல்லுக்குள் புல்

இளம்பருவத்தில் சோளம் மெதுவாக வளரும். அதே மழையில் முளைத்த களைகளோ விரைந்து பரவி, மண்ணின் ஈரத்தையும் உரத்தையும் கவர்ந்துகொள்ளும். முதல் 30 முதல் 45 நாள்களே பயிரின் விளைச்சலைத் தீர்மானிக்கும் காலமாகும்.

அகன்ற இலைக் களைகளை அழிப்பது எளிது. 2,4-டி என்னும் களைக்கொல்லி அவற்றை அழித்துச் சோளத்தை விட்டுவிடும். ஆனால், அது புல்வகைக் களைகளையும் விட்டுவிடும். ஏனெனில், சோளமும் ஒரு புல்லே. புல்லைக் கொல்லும் மருந்தைத் தெளித்தாலோ பயிரும் மடியும்.

அட்ரசின் என்னும் மருந்தை நச்சற்றதாக மாற்றும் இயல்பு சோளத்திற்கு உண்டு. எனினும், விதைத்த 3 முதல் 5 நாள்களுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே அதனைத் தெளிக்க வேண்டும். பயறு ஊடுபயிராக உள்ள நிலத்தில் அதனைப் பயன்படுத்தலாகாது. முளைத்து வளர்ந்துவிட்ட புல்லை அடக்கவும் அது போதாது.

மாறிய நொதி

இச்சிக்கலுக்குக் களைக்கொல்லியைத் தாங்கும் சோளம் ஒரு தீர்வாக உருவானது. சில களைக்கொல்லிகள், தாவரம் அமினோ அமிலங்களை ஆக்க உதவும் ஒரு நொதியைப் பற்றிக்கொண்டு அதன் செயலை நிறுத்துகின்றன. அந்நொதியின் வடிவம் சிறிது மாறிய சோளத்தில் மருந்தால் அதனைப் பற்ற இயலாது; பயிர் பிழைக்கும், புல் மடியும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய நொதியைக் காட்டுச்சோளத்தில் கண்டு, இனக்கலப்பின் வழியாகப் பயிருக்குக் கொண்டுவந்தனர். கொழுப்பு அமிலங்களை ஆக்கும் நொதியைத் தடுக்கும் மருந்தைத் தாங்கும் சோளமும் பின்னர் உருவாக்கப்பட்டது. இவற்றில் வேற்றுயிரின் மரபணு எதுவும் சேர்க்கப்படவில்லை.

இரவல் வலிமை

பண்பைத் தந்த அதே உறவுதான் அதற்குப் பகையும் ஆகிறது. ஜான்சன் புல் சோளத்தின் நெருங்கிய உறவினம். விதையாலும் வேர்த்தண்டாலும் பரவும் கொடிய களை. சோளத்தின் மகரந்தம் அதனைச் சேர்ந்தால், மருந்தைத் தாங்கும் பண்பு களைக்கும் சென்றுவிடக்கூடும். ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்தாலும் தீங்கே விளையும். அரியானாவின் கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரான் என்னும் மருந்தையே தொடர்ந்து நம்பியதால், 1990களின் தொடக்கத்தில் மண்டூசி என்னும் புல் அதற்கு அடங்காததாயிற்று.

ஆகவே, புதிய விதை எத்துணை ஆற்றல் உடையதாயினும், பயிர்ச்சுழற்சி, கோடை உழவு, தூய விதை, உரிய காலத்தில் கைக்களை ஆகியவற்றுக்கு அது மாற்றாகாது. மழையீரம் வடியும்முன் களைக்கொத்துடன் சோளக்கொல்லையில் இறங்கும் பெண்கள், உருவில் ஒத்த இரு புற்களைக் கண்ணால் பிரித்தறிகின்றனர். களைக்கொல்லிக்கு எட்டாத அறிவு அது. அறிவியலும் அவ்வறிவும் இணையும்போதே புன்செய் வாழும்.